நீங்கள் திட்டம் போட்டுவைத்த ஊருக்கு நான் போகிறேன்

அன்புள்ள வித்யா அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தையை அடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். சரி, இருக்கட்டும். அன்பு இல்லாமல் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே வேறொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் அமுதா. நீங்கள் போய் மூன்று வருஷம் கழித்து உங்கள் செந்திலைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். எங்களுக்கு இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. உங்களை அக்கா என்று கூப்பிடச் சொன்னது நம் மாமியார். போன மாதம் எனக்கு முப்பத்தேழு முடிந்தது, நீங்கள் முப்பத்தாறோடு நின்றுவிட்டீர்கள். தன்னைவிடச் சின்னவரை அக்கா என்று கூப்பிடும் பெண் இந்த சான் ஹோசேயிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆற்காட்டில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் உங்களுக்குப் படைத்தார்கள். பூவும் பொட்டுமாகப் போனவளுக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் மற்ற நல்ல காரியம் என்றார் அத்தை. தலைவாழை இலை, மல்லிகைச் சரம், கண்ணாடி வளையல், ஒரு புதுப் புடவை. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். கற்பூரம் காட்டி முடித்ததும் அந்தப் புடவையை எடுத்து என் கையில் கொடுத்தார். "கட்டிக்கோம்மா. அவளே கட்டிக்கிட்ட மாதிரி" என்றார்.

ஆக, அந்த வீட்டில் தாலி ஏறுவதற்கு முன்னாலேயே நான் கட்டிய முதல் புடவை உங்களுடையது. எனக்கு மாம்பழ நிறம் ஒத்துவராது, முகம் வெளிறித் தெரியும். அன்றைக்கு அதைச் சொல்ல முடியுமா? ஒவ்வொரு ஐப்பசியிலும் உங்கள் திதிக்கு அதே நிறத்தில் ஒரு புடவை ஊரிலிருந்து பார்சலில் வருகிறது. படைக்கிறோம், நான் கட்டிக்கொள்கிறேன், செந்தில் போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்புகிறார்.

சுற்றி வளைப்பானேன், எனக்கு உங்கள் மேல் பொறாமை. இதை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே விடுகிறேன், அதனால் ஒளிக்க ஒன்றுமில்லை.

வீட்டில் உங்களோடு இருக்கப் பழகிவிட்டேன். மசாலா டப்பாக்களில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. சோம்பும் சீரகமும் குழம்பக்கூடாதென்று சோம்பு டப்பாவில் மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள், அது எனக்கும் உதவுகிறது. வைஃபை பாஸ்வேர்டு உங்கள் பெயரும் நான்கு எண்ணும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் அதை என் வாயாலேயே எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன். மாற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றச் சொன்னால் அவர் உடனே மாற்றிவிடுவார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு இடம் வேண்டும் என்று இந்த ஜூன் மாதம் தோன்றியது. நீங்கள் கால் வைக்காத இடம். அதை எப்படித் தேடினேன் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டென்னிஸ் ஆடப் போனபோது உங்கள் போட்டோக்களை ஆல்பம் ஆல்பமாகப் பார்த்தேன். யோசெமிட்டி, போயிருக்கிறீர்கள். லேக் டாஹோ, மூன்று தடவை. கிராண்ட் கேன்யனில் சிவப்பு ஜாக்கெட்டோடு நிற்கிறீர்கள். ஹவாய், நயாகரா, எல்லாம் ஆயிற்று. ஸயான் மட்டும் எங்கேயும் இல்லை.

யூட்டா பாலைவனத்தில் இருக்கிற தேசியப் பூங்கா ஸயான். செம்பாறை மலைகளை ஒரு சின்ன ஆறு அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. எங்கள் ஆபீஸில் ஒருத்தி போன இலையுதிர் காலத்தில் போய்விட்டு வந்து படம் காட்டினாள். இரண்டு பக்கமும் சிவந்த சுவர், நடுவில் ஆற்றோரம் முழுக்க மஞ்சளாகப் பழுத்த காட்டன்வுட் மரங்கள். இதுதான் நமக்கு என்று முடிவு கட்டினேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன். "இந்த ஃபால்ல நாம ரெண்டு பேரும் மட்டும் ஸயான் போலாமா?" கடைசி வார்த்தையை நான் முடிக்கக்கூட இல்லை. "சரி, போலாம்" என்றார்.

அப்புறம் அவர் திட்டம் போட்ட அழகைப் பார்த்திருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில்தான் இலை பழுக்கும், அதற்கு முன்னால் போனால் பச்சையாக இருக்கும் என்றார். லாஸ் வேகாஸ் வரை விமானம், அங்கிருந்து கார், விமானத்தில் வலது பக்க ஜன்னல் சீட். பூங்கா வாசலிலேயே இருக்கும் ஸ்பிரிங்டேலில் கிழக்குப் பார்த்த அறை. யூட்டாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அதை மறந்தால் பூங்காவுக்குள் போகும் முதல் ஷட்டில் பஸ் போய்விடும். வெளியே சாப்பாடு நம் நாக்குக்கு ஒத்துவராது, முதல் நாளுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ளலாம். ஆற்றில் இறங்கி நடக்கத் தடித்த காலுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மாற்ற.

நான் உருகிப்போனேன். எனக்காக ஒரு ஆண் காலுறை வரைக்கும் யோசித்து என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. சுகர் லேண்டில் இருக்கும் என் தோழி தேவிக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பெருமை அடித்தேன். "உன் ஆளு செம கேரிங்டி. என் வீட்டுல இருக்கறது பாஸ்போர்ட் எடுத்துக்கவே மறந்துடும்" என்றாள். அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தேன்.

ஜூலை முதல் வாரம் ஹோட்டல் புக்கிங் நம்பர் தேவைப்பட்டது. அவர் மீட்டிங்கில் இருந்தார், லேப்டாப் திறந்து கிடந்தது, ஸயான் என்று போட்டுத் தேடினேன். ஒரு கூகுள் ஷீட் வந்தது. உருவாக்கியவர் பெயர் வித்யா என்று இருந்தது.

நான்கு டேப். பயணம், தங்குமிடம், நடை, சாப்பாடு. ஒவ்வொன்றையும் திறந்தேன். வலது பக்க ஜன்னல் இருந்தது. கிழக்குப் பார்த்த அறை இருந்தது. கடிகாரம் இருந்தது, எலுமிச்சை சாதம் இருந்தது. தடித்த காலுறை, இரண்டு ஜோடி. அவர் சொன்னது ஒன்றுகூட அவர் சொந்தமாகச் சொன்னதில்லை அக்கா. நீங்கள் எழுதியதை வரிசையாக எனக்கு ஒப்பித்திருக்கிறார். நான் இரண்டு வாரமாக மயங்கிக் கிடந்தது உங்கள் சாமர்த்தியத்தில்.

அந்த இடம் ஏன் ஆல்பத்தில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நீங்கள் ஆசைப்பட்டுக் கடைசிவரை போக முடியாத இடம் அது. உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, உங்கள் கை படாதது என்று நான் தேடித் தேடிப் பிடித்தது அதைத்தானா?

அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் ரோஷம் வந்தால் எனக்கு வாய் வராது, கைதான் வரும். உங்கள் திட்டத்தை ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தேன். ஸ்பிரிங்டேல் வேண்டாம், நாற்பத்தைந்து நிமிஷம் தள்ளி கனாப் என்கிற ஊரில் ஒரு கேபின் எடுக்கலாம் என்றேன். "சரி" என்றார். முதல் ஷட்டில் வேண்டாம், நிதானமாகப் பத்து மணிக்குப் போகலாம் என்றேன். பத்து மணிக்கு அங்கே கார் நிறுத்த இடமே கிடைக்காது என்று நீங்கள் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் சொன்னேன். "சரி" என்றார். எலுமிச்சை சாதத்துக்குப் பதில் புளியோதரை என்றேன். எனக்குப் புளியோதரை அவ்வளவாகப் பிடிக்காது, அது அவருக்கும் தெரியும். அதற்கும் சரி.

நடை என்கிற டேப்பில் ஒரு வரி இருந்தது. அங்கே ஒரு பாறை இருக்கிறது. கடைசி அரை மைல் இரண்டு பக்கமும் பாதாளம், நடுவில் அடித்துவைத்திருக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அதற்குப் பெர்மிட் வேண்டும், அதுவும் குலுக்கலில்தான் கிடைக்கும். அதற்கு நேரே நீங்கள் 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தீர்கள். நான் உடனே இரண்டு பேருக்கும் அப்ளை பண்ணினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னபோது ஒரு நொடி கை நின்றது. பிறகு "சரி" என்றார்.

ஜூலை கடைசியில் குலுக்கலில் விழுந்துவிட்டது. வாழ்க்கையில் எனக்கு எந்தக் குலுக்கலிலும் எதுவும் விழுந்ததில்லை, விசா குலுக்கலில்கூட மூன்றாவது தடவைதான் விழுந்தது. ஜெயித்த திமிரில் உங்கள் ஷீட்டை மறுபடி திறந்து அந்த 'வேண்டாம்' மேல் கர்சரை வைத்தேன். ஓரத்தில் ஒரு குட்டி மஞ்சள் முக்கோணம் இருந்தது. அதைத் தொட்டால் கமென்ட் திறக்கும் என்று அதற்கு முன்னால் கவனிக்கவில்லை. திறந்தது.

'இவனுக்கு உயரம்னா பயம். கேட்டா ஒத்துக்க மாட்டான். எனக்கு முட்டி வலின்னு சொல்லிடணும்.'

அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அவருக்கு உயரம் பயம் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துவைத்திருந்தீர்கள். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், நன்றாக இருந்த உங்கள் முட்டியில் வலியை வரவழைத்து அவர் மானத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறீர்கள். அப்படி ஒரு கமென்ட் நான் யாருக்காகவாவது எழுதுவேனா? இவன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கல்லூரியில் படித்தவர்கள், வாடா போடாதான் என்று அத்தை சொல்லியிருக்கிறார். எனக்கு இன்றுவரை 'நீங்க' என்பதைத் தாண்டி ஒரு அடி வைக்க வரவில்லை.

அவரே சொல்கிறாரா பார்க்கலாம் என்று காத்திருந்தேன். ஆகஸ்ட் போயிற்று. சங்கிலியைப் பிடிக்கக் கையுறை வாங்கிவந்தார், இரண்டு ஜோடி. அந்தப் பாறையில் யாரோ ஏறும் வீடியோவைச் சோஃபாவில் உட்கார்ந்து பார்ப்பார், பாதியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார். "ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் "சேச்சே" என்பார்.

செப்டம்பரில் அத்தை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "ஏம்மா அமுதா, காலண்டர் பார்த்தியா? நீங்க டூர் போயிருக்கற அந்தச் சனிக்கிழமைதான் வித்யாவுக்குத் திதி விழுது."

எங்கள் இரண்டு பேர் முட்டாள்தனம் இது. நீங்கள் போன தேதி தாண்டிய பிறகு வருகிற வார இறுதியாகப் பார்த்துத்தான் அவர் டிக்கெட் போட்டார். இங்கே எல்லாவற்றையும் போன் காலண்டரில் ஏற்றிவைத்து அதன்படி ஓடிப் பழகிவிட்டோம். திதி இங்கிலீஷ் தேதியைப் பார்த்து வராது, ஒவ்வொரு வருஷமும் நகரும் என்பது இரண்டு வருஷம் படைத்தும் இரண்டு இன்ஜினியர் மண்டையிலும் ஏறவில்லை.

அவர் போனை வாங்கினார். "சரிம்மா, கேன்சல் பண்ணிடறேன்" என்றார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீ கவலைப்படாத. போலாம். சரியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு சரி, எனக்கு ஒரு சரி.

அதே வாரக் கடைசியில் ஷூ வாங்கப் போனோம். அந்தக் கடையில் ஏறி இறங்கிப் பார்ப்பதற்கு ஒரு பொய்ப் பாறை வைத்திருக்கிறார்கள், முட்டி உயரம்கூட வராது. செந்தில் அதன் மேல் நின்று கால் விரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு உயரம்னா பயமா?" என்றேன்.

அவர் குனிந்து லேஸைப் பார்த்தார். "யார் சொன்னா?"

"வித்யா அக்கா."

மெதுவாகப் பாறையிலிருந்து இறங்கினார். "அந்த ஷீட்ட பார்த்தியா?"

"ஜூலைலயே பார்த்துட்டேன். காலுறை வரைக்கும் பார்த்துட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு காலில் புது ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ மூணு வருஷம் கேட்டா, அமுதா. மொத வருஷம் ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, லீவ் கிடைக்காதுன்னேன். ரெண்டாவது வருஷம் கல்லுலயும் மண்ணுலயும் என்ன இருக்கு, அதுக்கு ஒரு ட்ரிப்பான்னு சண்ட போட்டேன். லீவ் இருந்தது. பயம்தான். சொல்ல வெக்கமா இருந்தது. மூணாவது வருஷம் சரின்னு சொன்னேன். அப்போ அவளால வாசல் வரைக்கும் நடக்க முடியல."

"உங்களுக்குப் பயம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கே."

"அவ போனதுக்கு அப்புறம்தான் அந்த கமென்ட்ட பார்த்தேன். முட்டி வலி, அது இதுன்னு..." முடிக்கவில்லை. "அன்னியிலருந்து யார் என்ன கேட்டாலும் முடியாதுன்னு சொல்றதில்லன்னு வெச்சிருக்கேன். நீ அதே இடத்த கேட்டப்போ எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. அதனாலதான் உடனே சரின்னேன்."

அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வந்தது உங்கள் மேல் பொறாமை, அதுவரை வந்ததிலேயே பெரியது. உங்களிடம் அவர் பொய் சொல்லியிருக்கிறார், முறுக்கிக்கொண்டிருக்கிறார், கல்லும் மண்ணும் என்று கத்தியிருக்கிறார். ஒரு புருஷன் ஒரு பெண்டாட்டியிடம் நடந்துகொள்கிற மாதிரி நடந்துகொண்டிருக்கிறார். என்னிடம் இரண்டு வருஷமாக வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இருப்பதுபோல இருக்கிறார். ஏசி எவ்வளவு வைக்கட்டும், சரி. எந்தப் படம் பார்க்கலாம், நீ சொல்லு. நான் கேட்டு அவர் மறுத்தது ஒன்றுகூட இல்லை. அவர் எனக்குச் சொன்ன சரி எல்லாம் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட சரி. நான் நடுவில் நின்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கும் ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்காவது."

கடைப் பெண் வந்து சைஸ் பொருந்துகிறதா என்று கேட்டாள். அவர் தலையாட்டி, கச்சிதமாக இருக்கிறது என்றார். அது அரை சைஸ் சின்னது, ஏறி இறங்கும்போதே முகத்தில் தெரிந்தது. நான் அவரையே பார்த்தேன். அந்தப் பெண் போன பிறகு அவர் ஷூவைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"முடியாது" என்றார். குரல் சின்னதாகத்தான் வந்தது. "அந்தச் சங்கிலிய பிடிச்சிட்டு நான் ஏற மாட்டேன். என் தலையே போனாலும் ஏற மாட்டேன்."

கடை நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான், நீங்கள் நம்ப வேண்டும்.

அந்தச் சந்தோஷம் கார் ஃப்ரீவே ஏறும் வரைக்கும் இருந்தது. வழி கிடைத்துவிட்டது என்று நினைத்து, திதி விஷயத்தை எடுத்தேன். "அத்தைகிட்ட சொல்லிடுங்க. முதல் நாளே இங்க வீட்டுல படைச்சுட்டு நிம்மதியா கிளம்பலாம்."

"அது முடியாது" என்றார். இந்தத் தடவை குரல் சின்னதாக இல்லை.

"ஏன் முடியாது?"

"திதி அன்னிக்குத்தான் செய்யணும். அங்கேயே ரூம்ல இலை போட்டுச் செய்வேன்."

"நாம ரெண்டு பேர் மட்டும்னுதானே கேட்டேன். அந்த மூணு நாள்லயும் அவங்க வரணுமா?"

"ஒரு நாள் கூடவா அவள உன்னால தாங்க முடியல?"

"ரெண்டு வருஷமா தாங்கறேன். மாம்பழக் கலர்ல தாங்கறேன். அது எனக்கு நல்லா இல்லன்னு ஒரு நாளாவது உங்க கண்ணுல பட்டுதா?"

"பிடிக்கலன்னா வாயத் திறந்து சொல்லணும். நீ ஜூலையிலருந்து ஷீட்ட படிச்சிட்டு வாய மூடிட்டு இருந்தவதானே."

அப்புறம் இரண்டு பேரும் என்னென்ன சொன்னோம் என்று எழுத மாட்டேன். எங்கள் எக்ஸிட்டைத் தவறவிட்டோம், அடுத்த எக்ஸிட்டையும் தவறவிட்டோம். நடுவில் ஒரு இடத்தில் நான் "போடா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ரோட்ட பாருங்க" என்றேன். மூன்று நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் முதல் சண்டை அக்கா. உங்களுக்கு எத்தனை கிடைத்திருக்கும்?

வாய்விட்டுக் கேட்டு வாங்கிய 'முடியாது'களில் இரண்டாவது உங்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது உறைக்கத்தான் செய்தது, இன்னும் உறைக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். என் முகத்துக்கு நேரே எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிட்டு அதிலேயே நிற்கிற மனிதரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அந்த மனிதரோடு ஒரு ஊருக்குப் போகலாம் என்று தோன்றியது.

நான்காம் நாள் காலையில் அவர் அத்தைக்குப் போன் செய்து, டிக்கெட்டைக் கேன்சல் செய்யப்போவதில்லை, போகிற இடத்திலேயே படைப்போம் என்றார். அத்தை அழுதார், இவர் பின்வாங்கவில்லை. பிறகு நான் போனை வாங்கினேன்.

"அத்தை, இந்த வருஷம் புடவை அனுப்ப வேணாம். நானே எடுக்கறேன். பச்சைல எடுக்கப் போறேன்."

"அவளுக்கு மாம்பழக் கலர்தானேம்மா பிடிக்கும்."

"படைச்சதுக்கு அப்புறம் கட்டிக்கப் போறது நான்தானே அத்தை."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரிம்மா. பார்டர் மட்டும் அரக்கா இருக்கட்டும்" என்றார்.

கனாப் கேபினையும் விட்டுவிட்டேன். ஸ்பிரிங்டேலில் நீங்கள் குறித்துவைத்த ஹோட்டலில் ஒரே ஒரு அறை மீதி இருந்தது. கிழக்குப் பார்த்தது. உங்களோடு போட்டி போட்டு நாற்பத்தைந்து நிமிஷம் கார் ஓட்டுவதற்கு எனக்கே பொறுமை இல்லை. முதல் ஷட்டிலிலேயே போகிறோம். புளியோதரையையும் கைவிட்டாயிற்று. இதிலெல்லாம் நீங்கள்தான் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேருகிறோம். சனிக்கிழமை உங்களுக்கு. இலை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போகிறோம், சாம்பார் தூளும் குட்டிக் குக்கரும் பெட்டியில் போகின்றன, அவரே சமைக்கிறேன் என்றிருக்கிறார். காக்கைக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டார், அந்தப் பாலைவனத்தில் அண்டங்காக்கை நிறைய உண்டாம். அன்றைக்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். முயற்சி செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு. பெர்மிட் இரண்டு பேருக்கு, ஏறப்போவது நான் மட்டும். அவர் கீழே, ஷட்டில் நிற்கிற இடத்தில் ஆற்றோரமாக நின்றுகொள்வார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மேலே போகிறவர்கள் எறும்பு மாதிரி தெரிவார்களாம். பைனாகுலர் வாங்கிவிட்டார். போக வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார், நேற்று மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

எனக்கு அந்தப் பாறை உச்சியில் பெரிதாக எந்த ஆசையும் இல்லை அக்கா. உண்மையைச் சொல்கிறேன். நீங்களாக இருந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அவரை அந்தப் பயத்திலிருந்து காப்பாற்றியிருப்பீர்கள். எனக்கு அந்த மனசு இல்லை. அவர் பயப்படட்டும். நான் ஏறி இறங்கும் அந்த நான்கு மணி நேரம் அவர் படுகிற பயம் முழுக்க எனக்கே எனக்காக இருக்கும். அதில் உங்களுக்குத் துளி பங்கு கிடையாது. இதற்காகவா ஒருத்தி மலை ஏறுவாள் என்று சிரிப்பீர்களா, கோபப்படுவீர்களா? நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொள்வேன். போட்டோவுக்காக ஓரத்துக்குப் போக மாட்டேன். கால் நடுங்கினால் பாதியிலேயே திரும்பிவிடுவேன், அவமானமாக நினைக்க மாட்டேன். எப்படியானாலும் இறங்கி வந்து அவர் எதிரில் நிற்பேன். அந்த மனிதரை இன்னொரு தடவை தனியாக விட்டுவிட மாட்டேன் அக்கா.

உங்களுக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்த தங்கை,
அமுதா